ஜெபத்தை ஏன் வெட்டினார்கள்? கிறிஸ்தவ இசையும் அரசியலும் நீதியும்: ஓர் எளிய விளக்கம்

என் அண்ணன் மகள் சபையில் கீபோர்டு வாசிப்பவள். ஒருநாள் போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். 2019 அக்டோபரில் அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் நடந்த டவ் விருது விழா அது. கிறிஸ்தவ இசைக்கென்றே தரப்படும் விருது. பாடகர் கர்க் ஃபிராங்க்ளின் விருதை வாங்கிக்கொண்டு மேடையில் நிற்கிறார். அதற்கு மூன்று நாள் முன்புதான் அவருடைய சொந்த ஊரான ஃபோர்ட் வொர்த்தில் 28 வயதுக் கறுப்பினப் பெண் ஒருவர், தன் வீட்டுக்குள் இருந்தபோதே, ஜன்னல் வழியாகப் போலீஸ்காரர் ஒருவரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார். சகோதரியின் எட்டு வயது மகனோடு வீடியோ கேம் விளையாடிக்கொண்டிருந்த ராத்திரி நேரம். அந்தப் பெண்ணின் குடும்பத்துக்காகவும், சுட்ட போலீஸ்காரரின் குடும்பத்துக்காகவும் சேர்த்தே ஜெபிக்கும்படி ஃபிராங்க்ளின் கேட்டுக்கொண்டார். சில நாள் கழித்து டிபிஎன் என்ற கிறிஸ்தவத் தொலைக்காட்சியில் விழா ஒளிபரப்பானபோது அந்தப் பகுதியைக் காணவில்லை.

"சித்தப்பா, இது ஜெபம்தானே? ஜெபத்தையே ஏன் வெட்டுனாங்க?"

"அதுல அரசியல் இருக்கும்மா, அதான்" என்று அப்போது சொல்லிவிட்டேன். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அவள் செய்தது சரி. "கிறிஸ்தவப் பாட்டில் அரசியல் கலக்கக் கூடாது" என்பதை நாம் யோசிக்காமலே சொல்லிப் பழகிவிட்டோம். எது பாட்டு, எது அரசியல், அதைப் பிரிப்பது யார் என்று கேட்பதில்லை. அவளுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை இங்கே எழுதுகிறேன்.

மெழுகுவர்த்தியும் கடைத்தெருவும்

முதலில் ஒரு பெயர். 'கன்டெம்பரரி கிறிஸ்டியன் மியூசிக்', சுருக்கமாக சிசிஎம். கிறிஸ்தவர்கள் பாடும் எல்லாப் பாட்டையும் இந்தப் பெயரில் அழைக்கிறார்கள். அது சரியில்லை.

பறையா நாதஸ்வரமா என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடலாம். சிசிஎம்மை அப்படிக் காதால் மட்டும் அடையாளம் காண முடியாது. ராக், பாப், ராப், கன்ட்ரி எல்லாம் அதற்குள் உண்டு. வேளாங்கண்ணிக் கடைத்தெருவில் விற்கிற மெழுகுவர்த்தியை நினைத்துப் பாருங்கள். கரண்டு போனால் நம் வீட்டில் ஏற்றுகிற அதே மெழுகுதான். எங்கே விற்கிறது, என்ன மனசோடு வாங்குகிறோம் என்பதில்தான் அது வேறாகிறது. சிசிஎம்மும் அப்படித்தான். சமகால மெட்டில் கிறிஸ்தவச் சொற்களை வைத்து, அதற்கென்றே இருக்கிற கம்பெனிகள், கடைகள், வானொலிகள் வழியாக, பெரும்பாலும் அமெரிக்காவின் வெள்ளையின எவாஞ்சலிக்கல் குடும்பங்களுக்கு விற்கப்படும் இசை. எவாஞ்சலிக்கல் என்றால், மனந்திரும்புதலையும் வேதாகமத்தின் அதிகாரத்தையும் சுவிசேஷம் அறிவிப்பதையும் அழுத்திச் சொல்லும் புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவர்கள்.

இதன் பிறப்பு அப்படி ஒன்றும் அடக்கமானதல்ல. 1960களின் கடைசியில் கலிபோர்னியாவில் ஹிப்பி இளைஞர்கள் கூட்டங்கூட்டமாக இயேசுவிடம் வந்தார்கள். கோஸ்டா மேசாவில் இருந்த கால்வரி சேப்பல் என்ற சபை அவர்களை நீண்ட முடியோடும் வெறுங்காலோடும் கிட்டாரோடும் ஏற்றுக்கொண்டது. கடற்கரையிலே ஞானஸ்நானம் நடந்தது. அந்தத் தலைமுறையின் பெரிய குரல் லாரி நார்மன். 1972இல் வந்த அவருடைய ஆல்பம் ஒன்றில், கறுப்பின மக்களைக் கொல்வதையும், ஏழைகள் பட்டினி கிடக்கும்போது நிலவுக்குப் போகக் கொட்டிய பணத்தையும், வியட்நாம் போரையும் ஒரே பாட்டில் நேருக்கு நேர் கேட்டிருந்தார். அந்த ஆல்பத்தைப் பின்னாளில் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தேசிய ஒலிப்பதிவுக் காப்பகத்தில் சேர்த்தது. ஆக, ஆரம்பத்தில் இந்த இசை வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. பின்னால்தான் மூட வைத்தார்கள்.

ஒரே சபை, இரண்டு கல்லறைத் தோட்டம்

காஸ்பல் என்று இன்னொரு சொல் இருக்கிறது. சுவிசேஷம் என்பது அதன் நேர்ப்பொருள். ஆனால் இசை உலகில் அந்தச் சொல், முக்கியமாக, கறுப்பின சபைகளில் பிறந்து வளர்ந்த இசையைக் குறிக்கிறது. பில்போர்டு பத்திரிகையின் தரவரிசையில் கிறிஸ்டியனுக்கு ஒரு பட்டியல், காஸ்பலுக்குத் தனிப் பட்டியல். இரண்டு பட்டியலிலும் அதே இயேசு, அதே சங்கீதப் புத்தகம். பிறகு ஏன் இரண்டு?

நமக்கு இதைப் புரிந்துகொள்வது கஷ்டமே இல்லை. ஒரே சபையில் ஞானஸ்நானம் வாங்கி, ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்தவர்களுக்குச் செத்த பிறகு தனித்தனிக் கல்லறைத் தோட்டம் என்பது நம் மண்ணிலும் நடக்கிற காரியம்தான். அமெரிக்க இசை வியாபாரத்தில் 1949 வரை கறுப்பினக் கலைஞர்களின் இசைத்தட்டுகளுக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது 'இனத் தட்டுகள்' என்றே பெயர். பெயரை மாற்றினார்கள், சுவரை இடிக்கவில்லை.

கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய ஒரு பாட்டு இங்கே இருக்கிறது. 1932இல் சிகாகோவில் தாமஸ் டார்சி என்ற இசையமைப்பாளரின் மனைவி பிரசவத்தில் இறந்தார். பிறந்த பிள்ளையும் பிழைக்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதியது, "அருமை ஆண்டவரே, என் கையைப் பிடியும்" என்ற பொருளில் தொடங்கும் பாட்டு. அதில் அரசாங்கம் இல்லை, சட்டம் இல்லை, கொடி இல்லை. களைத்துப்போன ஒரு மனுஷன் கையை நீட்டுகிறான், அவ்வளவுதான். ஆனால் கறுப்பின உரிமைப் போராட்டத் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்குக்கு உயிரான பாட்டு அது. 1968 ஏப்ரல் 4 சாயங்காலம், குப்பை அள்ளும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்குத் துணை நிற்க மெம்ஃபிஸ் போயிருந்த கிங், விடுதி மாடியில் நின்றுகொண்டு, கீழே இருந்த இசைக்கலைஞரிடம் இன்றைக்கு ராத்திரி அந்தப் பாட்டை வாசியுங்கள் என்று கேட்டார். சற்று நேரத்தில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அடக்க ஆராதனையில் காஸ்பல் பாடகி மஹாலியா ஜாக்சன் அதே பாட்டைப் பாடினார்.

இப்போது சொல்லுங்கள், இது ஆறுதல் பாட்டா, போராட்டப் பாட்டா? பாட்டை மட்டும் தனியாக எடுத்து மேஜையில் வைத்துப் பார்த்தால் இதற்கு விடை கிடைக்காது. யார், எந்த நிலையில், யாரோடு நின்று பாடுகிறார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கறுப்பின சபைக்கு ஞாயிறு வேறு, திங்கள் வேறு என்று இருக்க முடியவில்லை. திங்கட்கிழமை பேருந்தில் எங்கே உட்காரலாம் என்பதே சட்டப் பிரச்சினையாக இருந்த ஜனம் அது.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: சிசிஎம் என்பது ஒலியால் பிரிந்த வகை அல்ல, சந்தையால் பிரிந்த வகை. அந்தப் பிரிவினையின் அடியில் நிறம் இருக்கிறது. சுவரின் ஒரு பக்கத்தில் நீதி என்பது ஜெபத்தின் பகுதி. மறுபக்கத்தில் அது எப்படி வெளியே போனது என்று அடுத்து பார்ப்போம்.

கல்யாணச் சமையல்

ஆயிரம் பேருக்குக் கல்யாணச் சாப்பாடு போடும் சமையல்காரரைக் கேளுங்கள். காரம் குறைவாகத்தான் போடுவார். வீட்டில் அவரே காரமாகச் சாப்பிடுகிறவராக இருக்கலாம். பந்தியில் ஒருவர்கூட முகம் சுளிக்கக் கூடாது என்பதுதான் கணக்கு. யாரும் திட்ட மாட்டார்கள். நாக்கில் எதுவும் தங்கவும் தங்காது.

கிறிஸ்தவ வானொலி இதே கணக்கில் ஓடுகிறது. அமெரிக்காவின் பெரிய கிறிஸ்தவ வானொலி வலையான கே-லவ், விளம்பரத்தில் அல்ல, நேயர்களின் காணிக்கையில் நடக்கிறது. நேர்மறையாக, ஊக்கம் தருவதாக இருப்போம் என்பதே அதன் வாசகம். இந்தத் துறையில் இருப்பவர்கள் 'பெக்கி' என்று ஒரு கற்பனை நேயருக்குப் பெயரே வைத்திருந்தார்கள். நகருக்கு வெளியே அமைதியான குடியிருப்பு, நாற்பதை ஒட்டிய வயது, பின் சீட்டில் பிள்ளைகள், பள்ளிக்குக் காரை ஓட்டிக்கொண்டு போகும் அம்மா. பெக்கி சட்டென்று ஸ்டேஷனை மாற்றிவிடக் கூடாது. ஒரு பாட்டு ஒலிபரப்பாகுமா ஆகாதா என்பதைக் கடைசியில் அவள் கைதான் தீர்மானித்தது.

அந்த அம்மாவின் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. காலை எட்டு மணிக்கு, பிள்ளை ஷூவைத் தேடிக்கொண்டிருக்கிற வீட்டில், "நான் இருக்கிறேன், பயப்படாதே" என்று ஒரு பாட்டு கேட்டால் அது உண்மையான ஆறுதல்தான். ஆனால் இவருக்கு இதமாக இருப்பதுதான் வடிகட்டி என்று ஆகிவிட்டால், மெம்ஃபிஸ் குப்பைத் தொழிலாளியின் மனைவிக்கு எது ஆறுதல் என்ற கேள்வி எழவே எழாது. யாரும் உட்கார்ந்து சதி செய்ய வேண்டாம். வடிகட்டியே பார்த்துக்கொள்ளும். 1990களில் பெரிய பொது இசை நிறுவனங்கள் கிறிஸ்தவ இசைக் கம்பெனிகளை வாங்கத் தொடங்கின. 1992இல் ஸ்பாரோ நிறுவனத்தை இஎம்ஐ வாங்கியது ஓர் உதாரணம். பணம் பெருகப் பெருக, முகம் சுளிக்க வைக்கும் பாட்டுக்கு இடம் சுருங்கத்தானே செய்யும்?

குடம் தண்ணீரும் டேங்க் சாவியும்

இந்த இடத்தில் ஒருவர் குறுக்கே கேட்கலாம்: "கிறிஸ்தவப் பாடகர்கள் ஏழைகளுக்கு எவ்வளவு செய்கிறார்கள், அது நீதி இல்லையா?" நியாயமான கேள்வி. பதில் சொல்ல இரண்டு சொற்களைப் பிரிக்க வேண்டும்.

தெருவில் தண்ணீர் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு ஒரு குடம் கொடுத்தால் அது தொண்டு. மேல்தெருவுக்கு மட்டும் தினமும் வருகிறதே, டேங்க் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்டால் அது சமூக நீதி. இரண்டுமே வேண்டும். தாகத்தில் இருக்கிறவனிடம் போய் சாவியைப் பற்றி மட்டும் பேசுவது கொடுமை. குடத்தை மட்டும் கொடுத்துக்கொண்டே இருந்தால், நாளைக்கும் அவன் குடத்தோடு நம் வாசலில்தான் நிற்பான்.

சிசிஎம் உலகம் குடம் கொடுப்பதில் தாராளமானது. கச்சேரியின் இடைவேளையில் பாடகர் மேடையில் நின்று பேசுவார். குழந்தைகளின் படம் ஒட்டிய உறைகள் கை மாறும். மாதம் இவ்வளவு என்று ஒரு குழந்தையை ஏற்றுக்கொள்வார்கள். கம்பேஷன் இன்டர்நேஷனல் என்ற அமைப்பு இப்படி வளர்ந்தது. அந்தப் பணம் தமிழ்நாட்டுச் சபைகள் வழியாகவும் நம் பிள்ளைகளின் படிப்புக்கும் சாப்பாட்டுக்கும் வந்தது. 2017 மார்ச்சில் வெளிநாட்டு நன்கொடைக் கட்டுப்பாடுகளால் அந்த அமைப்பு இந்தியாவில் வேலையை நிறுத்தியபோது சுமார் 1,45,000 குழந்தைகள் அதன் பட்டியலில் இருந்தார்கள். அரசியலே வேண்டாம் என்று குடம் மட்டும் தூக்கிக்கொண்டு வந்தவர்களும் கடைசியில் ஓர் அரசாங்கக் கதவின் முன்னால்தான் போய் நின்றார்கள்.

சாவியைப் பற்றிக் கேட்டவர்களும் உண்டு. ஸ்டீவ் டெய்லர் என்ற வெள்ளையினப் பாடகர் 1984இல், வெவ்வேறு இன மாணவர்கள் ஒருவரையொருவர் காதலிக்கக் கூடாது என்று தடை வைத்திருந்த பாப் ஜோன்ஸ் பல்கலைக்கழகத்தை நேராகவே சாடிப் பாடினார். அது கிறிஸ்தவப் பல்கலைக்கழகம். அந்தத் தடைக்காக அதன் வரிவிலக்கு பறிபோனதை 1983இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்திருந்தது. தடையை அவர்கள் நீக்கியதோ 2000இல்தான். அதே டெய்லர் 1987இல், கருக்கலைப்பு மருத்துவமனைக்குக் குண்டு வைக்கிறவனின் குரலில் ஓர் அங்கதப் பாட்டு எழுதினார். நல்லதை நாட கெட்டதைச் செய்யாதே என்பதுதான் அதன் சாரம். பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டார்கள். சில கிறிஸ்தவக் கடைகள் ஆல்பத்தை அலமாரியிலிருந்து எடுத்துவிட்டன.

இனவெறியைப் பற்றி சிசிஎம் பாடவே இல்லை என்று சொன்னால் அது பொய். 1990களில் நிறையவே பாடினார்கள். ஆனால் பெரும்பாலும் ஒரே மாதிரி: நாமெல்லாம் ஒரே தகப்பன் பிள்ளைகள், கட்டிப்பிடித்துக்கொள்வோம். இருதயம் மாறினால் எல்லாம் மாறும் என்ற நம்பிக்கை. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். ஆனால் கட்டிப்பிடித்து முடித்த பிறகும் சாவி அதே இடுப்பில்தான் தொங்குகிறது.

சுருக்கமாக: தொண்டு பற்றிப் பாடினால் கைதட்டல், மனமாற்றத்தைப் பற்றிப் பாடினால் ஆமென், சாவியைப் பற்றிப் பாடினால் மட்டும் "அரசியல்".

எந்த அரசியல் அரசியல் ஆகிறது?

லெக்ரே என்ற ராப் பாடகரை எடுத்துக்கொள்வோம். கறுப்பினத்தவர், ஆனால் அவருடைய பெரிய ரசிகர் கூட்டம் வெள்ளையின எவாஞ்சலிக்கல் இளைஞர்கள். 2014இல் அவருடைய ஆல்பம் பில்போர்டின் பொதுப் பட்டியலிலேயே முதலிடத்தில் நுழைந்தது. சபைகள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடின. 2016 ஜூலை 4, அமெரிக்க சுதந்திர தினம். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் படம் ஒன்றைப் போட்டு, 1776 ஜூலை 4இல் என் குடும்பம் இப்படித்தான் இருந்தது என்று ஒரு வரி எழுதினார். அவ்வளவுதான். பாட்டுகூட இல்லை. பிரிவினை செய்கிறாய், சுவிசேஷத்தை விட்டுவிட்டாய் என்று வசை குவிந்தது. ஆதரவு கரைந்ததையும் மனம் உடைந்ததையும் அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். தன் தாத்தாவுக்குத் தாத்தா அடிமையாக இருந்தார் என்று சொல்வது எந்தக் கட்சியின் கொள்கை?

இப்போது மறுபக்கம். ஷான் ஃபோய்ட் என்ற ஆராதனைப் பாடகர் 2020இல் கலிபோர்னியாவில் குடியரசுக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்துக்குப் போட்டியிட்டுத் தோற்றார். அந்த ஜூலையில், கொரோனா பரவலால் சபைகளில் பாடுவதற்குக் கலிபோர்னியா தடை போட்டபோது, கோல்டன் கேட் பாலத்தருகே கூட்டம் கூட்டிப் பாடினார். ஊர் ஊராகப் போனார். அக்டோபர் கடைசியில், அதிபர் தேர்தலுக்கு ஒன்பது நாள் முன்பு, வாஷிங்டன் நேஷனல் மாலில் பெரிய கூட்டம். அரசாங்க உத்தரவை எதிர்த்துத் தெருவில் கூடுவது, தேர்தல் நேரத்தில் தலைநகரில் திரளுவது, இரண்டுக்கும் தமிழில் ஒரே பெயர்தான்: அரசியல். அங்கே வந்தவர்களில் பலர் அதற்கு 'ஆராதனை' என்று பெயர் வைத்தார்கள். அவர்கள் நம்பிக்கையை நான் சந்தேகிக்கவில்லை. அதே பெயரை ஃபிராங்க்ளினின் ஜெபத்துக்கும் கொடுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

நமக்குப் பழகிப்போன நிலைமை அரசியலாகவே கண்ணுக்குத் தெரியாது. ஊரில் எல்லோரும் ஒரே மாதிரி பேசினால், அடுத்த ஊர்க்காரர் பேச்சில் மட்டும்தானே வட்டார வழக்கு தெரிகிறது!

அந்த வெட்டுக்கே திரும்பி வருவோம். நீண்ட விழாவை ஒளிபரப்பு நேரத்துக்குள் அடக்குவதற்காக வெட்டியதாக விளக்கம் வந்தது. இருக்கட்டும். ஆனால் 2016இலும் இதே மேடையில் ஃபிராங்க்ளின், போலீசாரால் கொல்லப்பட்ட கறுப்பின ஆண்களுக்காகவும், டாலஸில் கொல்லப்பட்ட போலீசாருக்காகவும் சேர்த்து ஜெபிக்கக் கேட்டிருந்தார். அப்போதும் ஒளிபரப்பில் அது காணாமல் போனது. இரண்டு முறையும் கத்தரி அதே இடத்தில் விழுந்தது. இன்னது கறி, இன்னது எலும்பு என்று கை தானாகவே பழகியிருக்கிறது. விருது வழங்கிய சங்கம் பிறகு மன்னிப்புக் கேட்டது. மாற்றத்துக்கு உறுதியான திட்டம் வரும்வரை அந்த விழாவுக்கும் அந்தத் தொலைக்காட்சிக்கும் வரமாட்டேன் என்று ஃபிராங்க்ளின் அறிவித்தார்.

நம் பாட்டுப் புத்தகம்

இங்கே சென்னையிலும் நெல்லையிலும் ஞாயிறு காலையில் திரையில் ஓடும் பாட்டுகளில் பல, அந்தச் சந்தையின் வடிகட்டியில் இறங்கி வந்தவை, அல்லது அவற்றைப் பார்த்து எழுதியவை. அவற்றில் நான் கண்ணீரோடு பாடுகிற பாட்டுகளும் உண்டு. ஆனால் எண்ணிப் பாருங்கள், 'நான்' எத்தனை முறை வருகிறது, 'நாங்கள்' எத்தனை முறை வருகிறது என்று. லூக்கா சுவிசேஷத்தில் மரியாள் பாடுகிற பாட்டு, ஆண்டவர் பலவான்களை ஆசனங்களிலிருந்து தள்ளுகிறார், பசித்தவர்களை நிரப்புகிறார், ஐசுவரியவான்களை வெறுமையாய் அனுப்புகிறார் என்று போகிறது. கிறிஸ்து பிறப்பதற்கு முன்பே பாடிய பாட்டு அது. பெக்கிக்கு முன்னால் வைத்தால் ஒலிபரப்பாகாது.

தமிழில் இந்தச் சாவியைக் கேட்டவர் தியோபிலஸ் அப்பாவு. பரட்டை என்றால்தான் பலருக்குத் தெரியும். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தவர், 2005இல் மறைந்தார். கர்நாடக மெட்டுக் கீர்த்தனைகள் ஆண்ட சபைக்குள், கிராமத்து தலித் ஜனங்களின் தாளத்தையும் பேச்சையும் கொண்டுவந்தார். ஒரே உலையில் சமைத்து எல்லோரும் சேர்ந்து உண்பதுதான் அவர் கண்ட பரலோக ராஜ்யம். பரமண்டல ஜெபத்தை அவர் மெட்டமைத்தபோது கடவுளைக் கூப்பிட்ட சொல் "பெத்தவரே". அப்பாவும் அம்மாவும் அந்த ஒரே சொல்லுக்குள் அடக்கம்.

போன மாதம் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். மாடியிலிருந்து கீபோர்டு சத்தம். அந்தப் பாட்டைத்தான் எடுத்துக்கொண்டிருந்தாள். "கார்டு சரியா உக்கார மாட்டேங்குது சித்தப்பா, இதுக்குப் பறைதான் வேணும். யாரைக் கூப்பிடலாம்?" என்றாள்.